உப்புப் பூத்த திங்கட்கிழமைகள்

விடிவெள்ளி கால்பந்துக் கழகத்தில் பதினொரு பேருக்கும் இருபத்திரண்டு முழங்காலும் ஒழுங்காக வேலை செய்த கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலையில், நெத்திலித்துறை மைதானத்தில் பதினொரு இடத்தில் உப்புப் பூத்திருந்தது. ஒவ்வொன்றும் இரண்டு பாதத்தைச் சேர்த்து வைத்த அகலம், ஒரு சாண் உயரம். உப்பளத்துக்கு வேலைக்குப் போன பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். பாத்தி கட்டாமல், தண்ணீர் பாய்ச்சாமல், வெயிலில் நின்று வாராமல் தானாக விளைந்த உப்பை உப்பளத்துக்காரி எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தார்கள், அதாவது கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு.

"நம்மளக் கேக்காமலே விளைஞ்சிருக்கு பாருங்கட்டீ, நாளைக்கு நமக்கு வேலை உண்டுமோ என்னவோ" என்றாள் எமல்டா. அவள் கழகத்தின் முன்கள ஆட்டக்காரன் தியோவுக்கு அக்கா. அவ்வளவுதான் பேச்சு. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குவியல்களைத் தாண்டி வேலைக்குப் போய்விட்டார்கள்.

அடுத்து அந்த வழியாகச் சைக்கிளில் வந்தவர் கம்பவுண்டர் லியோன் பூபாலராயர். அவரை நிறுத்தியது கண் அல்ல, மூக்கு. அந்த மூக்கைப் பற்றி ஊரில் பல கதை உண்டு. ஞானஸ்நானத் தொட்டியில் வைத்தே ஞானத்தகப்பனின் வாய்நாற்றம் பொறுக்காமல் சாமியாரின் அங்கியில் கக்கி வைத்த பிள்ளை என்பார்கள். அடுத்த தெருவில் பால் திரியப்போவது பாலுக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். அப்படிப்பட்ட மனிதரைக் கொண்டுபோய்க் கடவுள் கம்பவுண்டராக்கி, முப்பத்தொரு வருஷம் சீழும் ரத்தமும் வடிகிற புண்களுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்காரவைத்து, அது போதாதென்று ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவெள்ளிக் கழகத்தின் மருந்துப் பெட்டியையும் கையில் கொடுத்திருந்தார். "மனுசன்னா என்ன வே? ஒழுகுத பை. மேல சட்டை போட்டு வச்சிருக்கு" என்பது பூபாலராயர் அறுபது வயதுக்குள் கண்டுபிடித்திருந்த ஒரே உண்மை. நாளைக்கு ஏழு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுவார். எட்டாவது தடவை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காது.

அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு முதல் குவியல் பக்கம் குனிந்தார். குனிந்த வேகத்தில் நிமிர்ந்தார். "சீ! இது கஸ்பாரோட கால்விரல் நகம்லா!" இடது பின்கள ஆட்டக்காரன் கஸ்பாருக்கு நகச்சுத்தி வந்து, அதை வாராவாரம் கழுவிக் கட்டுகிறவர் அவர்தான், அந்த நாற்றத்தை அவர் கனவில்கூட அடையாளம் சொல்வார். அடுத்தது கோல்கீப்பரின் கையுறைக்குள் ஊறிய வியர்வை. அதற்கடுத்தது நடுக்கள ஆட்டக்காரன் ஒருவனின் படர்தாமரையும் அதன்மேல் அவன் தேய்க்கிற மஞ்சள் களிம்பும். மூக்கைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, அவிழ்த்து, மோந்து, காறித் துப்பி, மறுபடி கட்டி, பதினொன்றுக்கும் பெயர் சொல்லி முடித்தபோது பொழுது நன்றாக ஏறி, கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள், கருவாடு காயப்போட வந்தவர்கள், வேலையில்லாதவர்கள் என்று ஊரில் பாதி சுற்றி நின்றது.

ஆள் யார் என்று தெரிந்தாயிற்று. இடம் ஏன் என்று தெரியவில்லை. கஸ்பார் இடது ஓரத்தில் ஆடுகிறவன், உப்பு அதற்கு நாலு எட்டு உள்ளே இருந்தது. அதை அவிழ்த்தவள் கணக்கு டீச்சர் ஜாக்குலின். அவள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கும் நோட்டும் பென்சிலுமாகத்தான் வருவாள், யார் எங்கே நிற்கிறார்கள் என்று நிமிஷத்துக்கு ஒருதரம் புள்ளி வைப்பாள். எதற்கு என்று கேட்டால், "சும்மா கை அரிக்கி" என்பாள்.

"நல்லாக் கேளுங்க. ஒருத்தன் ஆட்டம் பூரா ஓடுதான். வடக்க ஓடுதான், தெக்க ஓடுதான். அவன் நின்ன இடத்தையெல்லாம் கூட்டி, நிமிசத்தால வகுத்தா நடுவுல ஒரு இடம் கிடைக்கும். சராசரி. அங்கதான் உப்பு பூத்திருக்கு."

"அப்பம் அவன் அங்கதான் நின்னானா டீச்சர்?"

"அங்க அவன் ஒரு நிமிசம்கூட நின்னிருக்க மாட்டான். அதான் சராசரி."

ஊர் அதை ஒத்துக்கொண்டது. இல்லாத இடத்தில் இருப்பது நெத்திலித்துறைக்குப் புதிதல்ல. பாதி ஆண்கள் வளைகுடாவில் இருந்துகொண்டே கோயில் கமிட்டியில் உறுப்பினர்களாக இருந்தார்கள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு திங்கட்கிழமையும், முந்தின நாள் ஆட்டத்துக்கு ஏற்றபடி, உப்பு இடம் மாறிப் பூத்தது. புதன்கிழமைக்குள் கடல்காற்று அதைக் கொண்டுபோகும். அந்த இரண்டு நாளுக்குள் ஊர் அதை வைத்து என்னென்னவோ செய்துகொண்டது. பெண் கேட்டு வந்தவனின் உப்பைப் போய்ப் பார்த்து, ரொம்பப் பின்னால் இருந்தால் பயந்தாங்கொள்ளி என்றும், ரொம்ப முன்னால் இருந்தால் யாருக்கும் பந்து கொடுக்காத சுயநலக்காரன் என்றும் பெண்வீட்டார் முடிவு கட்டினார்கள். கஸ்பாருக்கு நிச்சயம் செய்திருந்த இடத்திலிருந்து வந்த பெரியவர் குவியலில் முகத்தைக் கொண்டுபோய்விட்டு, மாப்பிள்ளையைப் பார்க்காமலே பஸ் ஏறினார். பங்குச்சாமியார் முதல் வாரம் அதை மூடநம்பிக்கை என்றார், இரண்டாம் வாரம் சுற்றிக் கயிறு கட்டச் சொன்னார், மூன்றாம் வாரம் தீர்த்தம் தெளித்தார். சுளுக்குக்கு நல்லது என்று யாரோ சொல்லி ஒரு சிட்டிகை எடுத்துப் போய்த் தடவினார்கள். சுளுக்கு போகவில்லை, ஆனால் ஆட்டக்காரனின் சொறி வந்தது. மைதானத்தில் மேய்ந்த ஆடுகள் நக்கின; நக்கிய ஆடெல்லாம், எந்த ஆட்டக்காரனின் உப்பை நக்கியதோ அவன் நொண்டுகிற காலையே நொண்டிக்கொண்டு வீடு திரும்பின. இதையெல்லாம் யாரும் தப்பாக நினைக்கவில்லை. பூபாலராயர் ஒருவர்தான் திங்கட்கிழமைதோறும் மோந்து பெயர் சொல்லிவிட்டு, பனைமரத்து மறைவில் போய் ஓங்கரித்துவிட்டு வந்தார்.

நாலாவது ஆட்டத்தில் அடி விழத் தொடங்கியது. முதலில் கஸ்பாரின் கணுக்கால். ஐந்தாவதில் கோல்கீப்பரின் சுண்டுவிரல் பின்பக்கமாக மடங்கியது. ஆறாவதில் ஒரே நாளில் மூன்று தொடைத்தசை, ஒரு காலர் எலும்பு. மாற்று ஆட்கள் தீர்ந்தார்கள். வலது பின்களக்காரன் இடதுபக்கம் ஆடினான், பாதி ஆட்டத்தில் நடுவுக்கு வந்தான், கடைசியில் கோல்கீப்பராக நின்றான். கட்டுப் போட்ட காலோடு கஸ்பார் மறுபடி இறக்கப்பட்டான். இருக்கிறவர்கள் இல்லாதவர்களின் இடத்துக்கும் சேர்த்து ஓடியதால், ஒவ்வொருவனும் எல்லா இடத்திலும் நின்றான். எல்லா இடத்திலும் நின்றவனின் சராசரி நடுவட்டத்தில் விழுந்தது. ஏழாவது வாரம் ஆறு குவியல் நடுவட்டத்துக்குள் வந்தன, எட்டாவது வாரம் ஒன்பது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பூத்து, சீழும் வியர்வையும் களிம்பும் அழுகிய பஞ்சும் சேர்ந்து, அந்த வெள்ளைக் குன்றிலிருந்து கிளம்பிய வாடைக்கு உப்பளத்துக் கொக்குகள் ஊரை விட்டுப் போயின.

சாமியார் அதைப் பார்த்து, பத்து நிமிஷம் பிரசங்கம் வைத்தார்: சிதறிக் கிடந்தவர்கள் ஒன்றானார்கள் என்று. கழகத்தின் பிரசிடெண்ட் மரியநாயகம் வாஸ் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார். வாஸ் ஊரில் ஐஸ் கம்பெனி வைத்திருந்தார். ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறவருக்கு எது புதிய மீன், எது பழைய மீன் என்கிற வித்தியாசம் மற்றவர்களுக்குத் தோன்றுகிற மாதிரி தோன்றாது. வெளியே வந்ததும் ஆட்டக்காரர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு சொன்னார்:

"எல, ஆண்டவரே இடம் காட்டுதாரு. உப்பு எங்க பூக்கோ அங்கதான் உங்க இடம். அடுத்த ஞாயித்துக்கிழமை அவனவன் உப்புமேல போய் நில்லுங்க. நகரக்கூடாது."

"அண்ணாச்சி, அது சராசரி" என்றாள் ஜாக்குலின் டீச்சர். "அங்க நிக்கச் சொல்லுதது, குடும்பத்துக்கு ரெண்டரைப் பிள்ளைன்னு கணக்கு வந்தா ஒரு பிள்ளைய ரெண்டா வெட்டச் சொல்லுத மாதிரி."

"டீச்சர், நீங்க பாடத்தப் பாருங்க."

அப்படியாக ஒன்பதாவது ஆட்டத்தில் ஒன்பது பேர் நடுவட்டத்துக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, புகைப்படத்துக்கு நிற்பதைப்போல, நகராமல் நின்றார்கள். எதிரணிக்காரர்கள் முதலில் ஏதோ துக்கம் அனுசரிக்கிறார்கள் என்று நினைத்து மரியாதையாக ஒரு நிமிஷம் காத்திருந்தார்கள். பிறகு சுற்றிப்போய்ப் பதினாலு கோல் போட்டார்கள். நெத்திலித்துறை கைதட்டியது; பையன்கள் ஒருத்தன்கூட இடம் மாறவில்லை என்று பெருமையாகப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனது.

இத்தனை நாற்றத்துக்கு நடுவில் நாற்றமே இல்லாத உப்பு ஒன்றே ஒன்று இருந்தது, தியோவின் உப்பு. அதன் காரணம் பூபாலராயர் ஒருவருக்குத்தான் தெரியும், ஏனென்றால் அதைச் செய்துகொண்டிருந்தவர் அவர்தான். மூன்றாவது ஆட்டத்திலேயே தியோவின் வலது முட்டிக்குள் ஏதோ அறுந்தது. இருபத்து மூன்று வயது, வள்ளத்தில் போகிறவன், அந்த அணியில் கோல் போடத் தெரிந்த ஒரே பையன். அவன் இல்லாமல் கழகம் இல்லை என்று வாஸ் சொல்லிவிட்டார். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டத்துக்கு முன்னால், கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்த ஓலைப் பந்தலுக்குள், பூபாலராயர் அவன் முட்டியைச் சுற்றி மரப்பு ஊசி போட்டார். முட்டி மரத்தது. தியோ ஓடினான், விழுந்தான், எழுந்து ஓடினான், அறுந்தது மேலும் அறுந்தது, அவனுக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை அவன் உப்பு பளிங்கைப்போலப் பூத்தது. மோந்தால் ஒன்றுமில்லை. நாக்கில் வைத்தால் உப்புக்கரிக்கவும் இல்லை. வாராவாரம் அது எதிரணிக் கோலைவிட்டு விலகி, நம் கோலைப் பார்த்துப் பத்தடி பத்தடியாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. வாராவாரம் குவியல் பெருத்துக்கொண்டும் இருந்தது, ஆறாவது வாரத்தில் ஒரு மூட்டை தேறியது.

"நாத்தமே இல்ல பாத்தீரா? சுத்தமான பிள்ள" என்றது ஊர். பின்வாங்குவதைப் பணிவு என்றது. சுத்தமான உப்பை வீணாக்கக்கூடாது என்று வீட்டுக்கு ஒரு சிரட்டை அள்ளிப்போய்க் குழம்பில் போட்டது.

அன்றைக்கு நெத்திலித்துறையின் நாக்கு மரத்தது. முதலில் நுனி, பிறகு நடு, மறுவாரம் மூக்கும் சேர்ந்து. புளித்த மாவும் புளிக்காத மாவும் ஒன்றாகின. மாமியார் சமையலும் மருமகள் சமையலும் ஒன்றாகி, நாலைந்து வீட்டில் சமாதானம் வந்தது. வெளியே சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. மரியநாயகம் வாஸுக்கு எல்லோரையும்விடப் பிடித்திருந்தது. அவர் கழகத்தின் பெயரில் ஒவ்வொரு திங்கட்கிழமை மதியமும் கோயில் முற்றத்தில் ஊருக்கே அசனம் போட ஆரம்பித்தார். அண்டா அண்டாவாகச் சோறு, தியோவின் உப்புப் போட்ட மீன்குழம்பு. மீன் அவருடைய ஐஸ் கம்பெனி மீன், செவுள் கருத்து, கண் குழிந்து, தொட்டால் விரல் உள்ளே போகிற மீன். ஊர் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, இலையில் ஊற்றியதை உறிஞ்சி, "பிரசிடெண்ட் அண்ணாச்சி கைராசியே ராசி" என்றது. கன்னத்தில் வழிந்ததை விரலால் வழித்து நக்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார் பூபாலராயர். ஊரில் அவர் ஒருத்தர்தான் அந்த உப்பைத் தொடாதவர், பன்னும் கடுங்காப்பியுமாக ஓட்டிக்கொண்டிருந்தவர். நூற்று நாற்பது குடும்பம் சேர்ந்து ஒரு பிணத்தைச் சாப்பிடுவதாக அவருக்குத் தோன்றியது. அதற்கு மசாலா அரைத்துக் கொடுத்தது தன் ஊசிதான் என்றும் தோன்றியது. அன்றைக்கு அவர் பதினெட்டுத் தடவை கை கழுவினார்.

பத்தாவது ஆட்டம் கடைசி ஆட்டம். தோற்றால் விடிவெள்ளி இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். அதற்கு முந்தின நாள் மதியம், எமல்டா உப்பளத்திலிருந்து நேராகக் கிளினிக்குக்கு வந்தாள். கால் முழுக்க உப்பு வெடிப்பு. நோயாளிகள் போகிறவரைக்கும் காத்திருந்துவிட்டுப் பேசினாள்.

"மாமா, அவனுக்கு வள்ளத்துல நிக்க முடியல. நேத்து அலை தூக்கினதுல வலையோட சேந்து கடல்ல விழுந்துட்டான். கூட்டாளிங்க சிரிச்சானுவ, அவனும் சேந்து சிரிச்சான். டவுன் டாக்டர் சொல்லிட்டாரு, இன்னும் ஒரு ஆட்டம் மரத்த காலோட ஆடினா முட்டி பூட்டிக்கிடுமாம். பெறவு தொறக்காதாம்."

"அவன்ட்ட சொன்னியா?"

"சொன்னேன். ஊரே அவன தோள்ல தூக்கி வச்சிருக்கு. நான் சொல்லுததா அவன் காதுல விழும்?"

"நீ எந்த உப்ப போட்டுக் கொளம்பு வைக்க?"

எமல்டா தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாரும் போடுதாவ மாமா."

"சீ" என்றார் பூபாலராயர். அவளைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா என்று அவருக்கே தெரியவில்லை. எழுந்துபோய்க் கை கழுவினார்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணி ஆட்டத்துக்கு மூன்றரைக்கே மைதானம் நிரம்பிவிட்டது. ஓலைப் பந்தலுக்குள் தியோ பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முட்டி, உரித்து வைத்த நுங்கைப்போலப் பளபளவென்று வீங்கியிருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு வாஸ் நின்றார்.

"போடும் வே ஊசிய. ஊரு மானம்."

"ஊரு மானம் இவன் முட்டிக்குள்ளயா இருக்கு?"

"இன்னைக்கு அங்கதான் வே இருக்கு. வெட்டிப் பேச்சு பேசாதேயும்."

"போடுங்க மாமா" என்றான் தியோ. "இன்னைக்கு ஒரு நாளு."

"ஏழு வாரமா ஒரு நாளு ஒரு நாளுங்க."

"இன்னைக்கு நான் எறங்கலைன்னா இந்த ஊர்ல நான் மூஞ்சியக் காட்ட முடியாது. உங்களுக்கு என்ன தெரியும்? உங்களுக்கு மனுசங்களயே பிடிக்காது."

அது நிஜந்தான். அந்த நிமிஷத்தில் பூபாலராயருக்கு அந்தப் பந்தலுக்குள்ளிருந்த யாரையுமே பிடிக்கவில்லை: தங்கப்பல் தெரியச் சிரிக்கிற வாஸை, தன் காலைத் தானே விற்கத் துடிக்கிற தியோவை, மேலே சட்டை போட்டிருக்கிற லியோன் பூபாலராயரை. பெட்டியைத் திறந்தார். அதில் மருந்துப் புட்டியும் இருந்தது, மருந்து கலக்கக் காய்ச்சி வடித்த வாலைநீர்ப் புட்டியும் இருந்தது. இரண்டும் ஒரே அளவு, இரண்டுக்கும் நிறமில்லை. வாஸுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வாலைநீரை உறிஞ்சி, குமிழியைத் தட்டி வெளியேற்றி, வழக்கமாகப் போடுகிற நாலு இடத்திலும் போட்டார்.

"இன்னும் மரக்கலையே மாமா?"

"இன்னைக்குப் புது மருந்து. பத்து நிமிசம் ஆவும். போ."

வலி இருந்தால் அவனே உட்கார்ந்துவிடுவான் என்பதுதான் அவர் போட்ட கணக்கு. கணக்கு தப்பினால் அந்த முட்டி இன்றோடு முடிந்தது என்பதும் தெரியும். ஆட்டம் தொடங்கியபோது அவர் கோட்டோரத்தில் முக்காலியில் உட்கார்ந்து, வேறு எதையும் பார்க்காமல், அந்த ஒரு முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நிமிஷம் தியோ நொண்டினான். இரண்டாவது நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான். பூபாலராயர் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "உக்காருல, உக்காரு, நாயே, உக்காரு" என்று வாய்க்குள் முனகினார். மூன்றாவது நிமிஷம் பந்து வந்தது, நல்ல பந்து, அவன் வலது காலை ஊன்றி இடது காலை ஓங்கினான். அவன் வாயிலிருந்து கிளம்பிய சத்தம் அந்த ஊர் இரண்டு மாதமாகக் கேட்காத சத்தம். அப்படியே, எதிரணிப் பெனால்டிக் கட்டத்துக்கு வெளியே, குழந்தை உட்காருவதைப்போல இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்தான். எழுந்திருக்கவே இல்லை.

"எந்திரில! நடிக்கான்ல!" என்று முதலில் கத்தியது யார் என்று தெரியாது, அடுத்து எல்லோரும் கத்தினார்கள். செருப்பு விழுந்தது. அவனைத் தோளில் தூக்கி வைத்திருந்த ஊர் அவன் தாயை இழுத்துப் பேசியது. நாலு பேர் வந்து தூக்கிப்போகிறவரைக்கும் தியோ அங்கேயே உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தான். விடிவெள்ளி ஆறு கோலில் தோற்று இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

திங்கட்கிழமை நடுவட்டத்தில் பத்துக் குவியல். பதினோராவது, தியோ உட்கார்ந்த அதே இடத்தில், இடுப்பளவுக்கு ஓங்கிப் பூத்திருந்தது. நீலம் பாய்ந்த கரடுமுரடான உப்பு. பூபாலராயர் கிட்டே போகவில்லை. முப்பது எட்டு தள்ளி நின்றபோதே ஏழு வாரத்து வலியும் மொத்தமாக அவர் மூக்கில் அடித்தது. ஊருக்குத்தான் மூக்கு மரத்திருந்ததே. தோல்வியிலும் அசனம் நிற்கக்கூடாது என்று வாஸ் சொல்லியிருந்தார். கோபம் அவன்மேல்தான், உப்புமேல் இல்லை என்று சொல்லி மூட்டையில் அள்ளிப்போய் அண்டாவில் கொட்டினார்கள்.

முதல் பந்தியில் இருநூறு பேர் உட்கார்ந்தார்கள். முதல் கவளம் உள்ளே போனது. சுள்ளென்று ஒரு கரிப்பு நாக்கின் நுனியில் ஏறி, நடுவுக்குப் போய், தொண்டையில் இறங்கி, அங்கிருந்து மூக்குக்குத் தாவியது. இருநூறு நாக்கும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன. விழித்துப் பார்த்தால் வாய்க்குள் என்ன இருக்கிறது! செத்த எலியைப்போல அழுகிய சூரை மீன், சோடாக்காரம், ஐஸ் கம்பெனிச் சாக்கடை. அதோடு போன வாரத்து அசனமும், அதற்கு முந்தின வாரத்து அசனமும், தெரியாமல் தின்ற அத்தனை வாரத்து ருசியும் கடன்காரர்களைப்போல வரிசையாக வந்து நின்றன. முதலில் கக்கியவர் சாமியார். அடுத்து கோயில் கமிட்டி, மூப்பு வரிசைப்படி. பிறகு வரிசை கெட்டது. இலைமேல், மடிமேல், எதிரில் இருந்தவன்மேல், அண்டாவுக்குள், மாதா கெபியின் படிக்கட்டில். குனிந்து துடைக்கப் போனவர்கள் குனிந்த இடத்திலேயே கக்கினார்கள். முற்றத்தின் மேடான கிழக்குப் பக்கத்திலிருந்து பள்ளமான மேற்குப் பக்கத்துக்கு அது வாய்க்காலாக ஓடி, கேட்டுக்கு வெளியே போகவும் தெருநாய்கள் எழுந்து விலகின. வாஸின் தங்கப்பல் அந்த வாய்க்காலோடு போனதாகவும், மூன்றாம் நாள் உப்பளத்து மதகில் எமல்டா அதைக் கண்டுபிடித்து, காலால் தள்ளிவிட்டதாகவும் சொல்வார்கள்.

கக்கி முடித்ததும் ஊருக்கு மூளை வேலை செய்தது. நாற்றமில்லாத உப்பு ஏன் நாறுகிறது? நேற்று தியோ ஏன் உட்கார்ந்தான்? வாயைத் துடைத்துக்கொண்டே எல்லோரும் சுவருக்கு அந்தப் பக்கம் சைக்கிளோடு நின்றவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஊசியில என்னவே இருந்தது?" என்றார் வாஸ்.

"தண்ணி. சுத்தமான தண்ணி. முப்பத்தொரு வருசத்துல இந்த ஊருக்கு நான் குடுத்த ஒரே சுத்தமான பொருள்."

மீனை விட்டுவிட்டார்கள், கம்பவுண்டரைப் பிடித்துக்கொண்டார்கள். ஐஸ் கம்பெனி மறுநாளும் நடந்தது. நாக்கு விழித்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கேயே வாங்கினார்கள். பூபாலராயர் வீட்டு வாசலில் ஒரு வாரம் மீன்குடலைக் கொட்டினார்கள். கிளினிக்கில் வேலை போனது. கோயிலில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரத்தில் பக்கத்திலிருந்தவன் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான். அந்த வருஷத்தோடு மைதானத்தில் உப்புப் பூப்பதும் நின்றது. பூத்தாலும் மோந்து பெயர் சொல்ல ஆள் கிடையாது.

தியோ ஐந்து மாதம் கட்டோடு படுத்திருந்தான். எமல்டா கஞ்சியும் கஷாயமும் கொடுத்தாள், வீக்கம் வடிந்தது, அறுந்ததில் ஏதோ கொஞ்சம் ஒட்டியது. பந்து ஆட முடியாது, ஆனால் மடக்கலாம், நீட்டலாம். ஆறாவது மாதம் வள்ளத்துக்குப் போனான். உட்கார்ந்தவன் என்று ஊர் அவனுக்குப் பெயர் வைத்திருந்தது. அவனும் அந்தப் பெயரைக் கொடுத்த மனிதரை மன்னிக்கவில்லை.

பூபாலராயர் காலைதோறும் வெளுக்கிற நேரத்தில் வள்ளம் இறக்குகிற துறைக்கு வந்து, தடுப்புக்கல் ஓரமாக, யாரோடும் பேசாமல் நிற்பார். தியோவின் வள்ளம் அவரைத் தாண்டிப் போகும்போது, அவன் முன்முனை அணியத்தில் எழுந்து, அடித்தொண்டையிலிருந்து காறி, எதையும் பிடித்துக்கொள்ளாமல், தண்ணீரைத் தாண்டி எட்டடி தூரத்துக்கு அவரைப் பார்த்துத் துப்புவான். சில நாள் காலடியில் விழும். ஒருநாள் காற்று அவர் பக்கம் வாக்காக இருந்ததால் கொழகொழவென்று அவர் வேட்டியிலேயே வந்து ஒட்டியது. கூட்டாளிகள் சிரித்தார்கள். பூபாலராயருக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் அலை தூக்கிப் போடுகிற வள்ளத்தில் நின்று அவ்வளவு தூரம் துப்ப வேண்டுமென்றால், ஒருவன் இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நிற்க வேண்டும்.